கெலமங்கலத்துப் பாறைநீரும் கண்ணாடித் தொட்டியும்

கெலமங்கலம், ஓசூர், தேன்கனிக்கோட்டை ஆகிய ஊர்களைத் தாங்கி நிற்கும் கிருஷ்ணகிரி மாவட்டத்து மேட்டுநிலம், கடல்மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 800 முதல் 900 மீட்டர் உயரத்தில், நைஸ் என்று நிலவியலார் குறிக்கும் வரிவரியான பழம்பாறையின் மீதும் அதனை ஊடுருவிய கிரானைட்டின் மீதும் அமைந்தது. மேலே சில மீட்டர் ஆழத்துக்குச் செம்மண்ணும் சிதைந்த பாறையும், அதற்குக் கீழே வெடிப்புகளில் மட்டுமே நீரைத் தேக்கிவைக்கக்கூடிய கெட்டிப் பாறையும் இருப்பதால், இங்கு நிலத்தடி நீர் என்பது பாறையோடு நெடுங்காலம் கிடந்து ஊறிய நீராகவே இருக்கிறது. மண்ணில் இறங்கும் மழைநீர், வேர்களும் நுண்ணுயிர்களும் வெளியிடும் கரியமில வாயுவைக் கரைத்துக்கொண்டு மெல்லிய அமிலமாகிறது; அந்த அமிலம் பாறையிலுள்ள ஃபெல்ஸ்பார் கனிமத்தைச் சிறிது சிறிதாகச் சிதைத்து, சோடியம், கால்சியம், மக்னீசியம் ஆகியவற்றை விடுவிக்கும்போது, தான் பைகார்பனேட்டாக மாறிவிடுகிறது. ஆங்காங்கே மண்ணில் திரண்டு கிடக்கும் சுக்கான்கல்லும் இதே முறையில் கரைந்து தன் பங்கைச் சேர்க்கிறது. வீட்டில் வண்ணமீன் வளர்ப்பவர் தொட்டிநீரின் புளிப்பு, கார நிலையைக் காட்டும் பி.எச். மதிப்பைப் பற்றிக் கவலைப்படும் ஒவ்வொரு முறையும் எதிர்கொள்வது இந்தப் பாறையின் வேதியியலைத்தான் என்பதும், இப்பகுதியில் தொட்டிநீரைப் பேணும் வழக்கத்தின் வரலாறு, எந்தக் காலத்தில் எந்த நீர் வீட்டுக்கு வந்தது என்பதன் வரலாறே என்பதும் இக்கட்டுரை நிறுவ முற்படும் கருத்து.

ஆழ்துளைக் கிணறுகளுக்கு முந்தைய காலத்தில் இங்குள்ளோர் ஏரிகளையும் திறந்த கிணறுகளையும் பருவகால ஓடைகளையும் நம்பி வாழ்ந்தனர். 1799 மார்ச்சில், திப்பு சுல்தானுக்கு எதிரான இறுதிப் போருக்காக ஜெனரல் ஹாரிஸ் தலைமையில் சீரங்கப்பட்டணம் நோக்கிச் சென்ற ஆங்கிலேயப் படை இராயக்கோட்டையைக் கடந்து கெலமங்கலத்தில் பாளையமிறங்கியபோது, பல்லாயிரம் வீரர்களுக்கும் அவர்களைவிட மிகுதியான பொதிமாடுகளுக்கும் நீர் தந்தவை இத்தகைய ஏரி குளங்களாகவே இருந்திருக்க வேண்டும். ஏரிநீர் பெரும்பாலும் நிலத்தின் மேல் ஓடிவந்த மழைநீர் என்பதால் அதில் கரைந்த உப்பு குறைவு, கலங்கல் மிகுதி. கிணற்று நீரோ தெளிவானது, ஆனால் பாறையின் உப்பைச் சுமந்தது. இந்த வேறுபாட்டை மக்கள் அளவுகோல் எதுவுமின்றியே அறிந்திருந்தனர். பருப்பு வேகாத தண்ணீர், சீயக்காயோ சோப்போ நுரைக்காத தண்ணீர், காய்ச்சிய பாத்திரத்தின் உட்புறத்தில் வெள்ளையாகப் படியும் தண்ணீர் என்று அன்றாட வேலைகளைக் கொண்டே நீரைத் தரம் பிரித்தனர். கலங்கல் தெளியப் பானையின் உட்புறத்தில் தேத்தாங்கொட்டையை இழைத்துவிடுவதும், கிணற்று நீர் சுவைபெற அடியில் நெல்லிக்கட்டையைப் போடுவதும் தமிழ்நாட்டின் பல பகுதிகளில் இருந்த வழக்கங்கள். நெல்லிக்கட்டையிலிருந்து இறங்கும் டானின் என்னும் துவர்ப்புப் பொருள் மெல்லிய அமிலம்தான் என்றாலும், பைகார்பனேட் மிகுந்த ஒரு கிணற்றின் காரத்தை மாற்றும் வலிமை அதற்கு இல்லை. பழைய வழக்கங்கள் தெளிவையும் சுவையையும் கருதியவை. காரமும் புளிப்பும் தனித்து அளக்கத்தக்க ஒன்று என்னும் எண்ணம் அப்போது உலகில் எங்குமே முழுமையாக உருவாகியிருக்கவில்லை.

தென்னிந்திய நன்னீர் மீன்கள் அறிவியலின் பதிவேட்டில் ஏறிய காலமும் அதுவே. தரங்கம்பாடியில் பணிபுரிந்த மறைப்பணியாளர் கிறிஸ்டோஃப் சாமுவேல் ஜான் 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் பெர்லினிலிருந்த மார்கஸ் பிளாக்கிற்கு மீன்களைப் பதப்படுத்தி அனுப்பினார். 1849இல் தாமஸ் ஜெர்டன், காவிரியின் மீன் ஒன்றுக்கு அருளி என்னும் உள்ளூர்ப் பெயரையே இலத்தீன் வடிவில் இட்டார். சென்னைப் படையில் மருத்துவராக இருந்த ஃபிரான்சிஸ் டே, 1865இல் மேற்குத் தொடர்ச்சி மலையின் சிவப்புக்கோட்டு மீனுக்கு அப்போதைய சென்னை ஆளுநர் வில்லியம் டெனிசனின் பெயரைச் சூட்டினார். இவ்விரு மீன்களும் இன்று உலகெங்கும் வீட்டுத் தொட்டிகளில் வளர்கின்றன. துடுப்பின் கதிர்களையும் செதில்களையும் எண்ணி எழுதிய இவர்களின் நூல்களில், அம்மீன்கள் வாழ்ந்த நீரின் தன்மை பற்றிய குறிப்பைக் காண்பது அரிது.

மீனைக் கண்ணாடிக்குள் உயிரோடு வைத்திருக்கும் கலையோ ஒரு வேதியியலாளரின் கையில் பிறந்தது. 1850இல் லண்டனில் இராபர்ட் வாரிங்டன், ஒரு கண்ணாடிக் கலத்தில் தங்கமீன்களையும் வாலிஸ்னேரியா என்னும் நாடா போன்ற நீர்ச்செடியையும் நத்தைகளையும் சேர்த்து வைத்து, மீன் வெளிவிடும் கரியமில வாயுவைச் செடி எடுத்துக்கொள்ள, செடி வெளிவிடும் ஆக்சிஜனை மீன் சுவாசிக்க, அழுகும் இலைகளை நத்தை தின்றுவிட, நீரை மாற்றாமலே அம்மூன்றும் நீண்டநாள் வாழக்கூடும் என்று வேதியியல் சங்கத்துக்கு அறிவித்தார். நான்கு ஆண்டுகளில் ஃபிலிப் காஸ் எழுதிய நூல் இந்தக் கலையை வீடுதோறும் கொண்டுசென்றது. வாரிங்டனின் அதே பெயர் கொண்ட மகன், பின்னாளில் ரோதாம்ஸ்டெட் வேளாண் ஆய்வு நிலையத்தில், அம்மோனியாவை மண்ணின் நுண்ணுயிர்கள் நைட்ரேட்டாக மாற்றும் முறையை ஆராய்ந்தார். தந்தை கண்ட சமநிலையில் விடுபட்டிருந்த கண்ணி மகன் ஆராய்ந்த அந்த நிகழ்வுதான் என்பதை மீன்வளர்ப்போர் உணர மேலும் பல பத்தாண்டுகள் ஆயின. தொட்டிநீர் நாளடைவில் ஏன் புளிக்கிறது என்னும் கேள்விக்கு விடையும் அங்கேயே இருந்தது.

1909ஆம் ஆண்டு இந்த வரலாற்றில் இருவகையில் குறிக்கத்தக்கது. அவ்வாண்டு சென்னை மெரினா கடற்கரையில், அரசு அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளர் எட்கர் தர்ஸ்டனின் முயற்சியால் இந்தியாவின் முதல் பொது மீன்காட்சியகம் திறக்கப்பட்டது. பத்தாண்டுகளில் அது மீன்வளத் துறையின் பொறுப்புக்கு மாறியது. அதே ஆண்டில் கோபன்ஹேகனில், கார்ல்ஸ்பர்க் மதுவடிப்பு நிறுவனத்தின் ஆய்வகத்தில் நொதிகளை ஆராய்ந்துவந்த சோரன்சன், கரைசலிலுள்ள ஹைட்ரஜன் அயனிகளின் செறிவைச் சுருக்கமான ஓர் எண்ணால் குறிக்கும் பி.எச். அளவுகோலை வெளியிட்டார். இந்த அளவுகோலில் 7 என்பது நடுநிலை. அதற்குக் கீழே புளிப்பு, மேலே காரம். ஒவ்வொரு எண்ணும் முந்தையதிலிருந்து பத்து மடங்கு விலகியிருப்பதால், 7இலிருந்து 8க்குப் போவது சிறு நகர்வாகத் தோன்றினாலும், மீனின் செவுளுக்கு அது பத்து மடங்கு மாற்றம். மெரினாவின் தொட்டிகளில் பெரும்பாலும் கடல்நீரே இருந்தது. கடல்நீர் தன்னில் கரைந்துள்ள உப்புகளால் 8.1ஐ ஒட்டித் தன்னைத்தானே நிறுத்திக்கொள்ளும் இயல்புடையது. நன்னீருக்கு அத்தகைய பொதுவான காவல் கிடையாது. அது எந்த நிலத்தில் ஊறியதோ அந்த நிலத்தின் குணத்தையே கொண்டிருக்கும்.

அளவுகோல் ஆய்வகத்திலிருந்து வீட்டுக்கு வந்ததற்கு நிறங்காட்டிச் சாயங்கள் வழிசெய்தன. அமெரிக்க வேதியியலாளர்களான கிளார்க்கும் லப்சும் முதல் உலகப்போர்க் காலத்தில் வகுத்தளித்த சாயங்களுள் புரோமோதைமால் நீலம் மீன்தொட்டிக்கென்றே அமைந்தது போன்றது: 6இல் மஞ்சளாகவும், 7இல் பச்சையாகவும், 7.6இல் நீலமாகவும் மாறும் அதன் இரண்டொரு துளிகள், சிறு குப்பி நீரின் நிலையைக் கண்ணுக்குக் காட்டிவிடும். 1934இல் கலிஃபோர்னியாவின் எலுமிச்சைச் சாற்றைச் சோதிப்பதற்காக ஆர்னால்டு பெக்மன் மின்னணு பி.எச். மானியை உருவாக்கினார், இன்று கடைகளில் கிடைக்கும் பேனா வடிவ மானிகள் அதன் வழிவந்தவை. 1936இல் அமேசான் வடிநிலத்தின் நியான் டெட்ரா மீன் அறிவியலுக்கு அறிமுகமாகி, அமெரிக்க மீன்வளர்ப்பு நூலாசிரியர் வில்லியம் இன்னஸின் பெயரைப் பெற்றது. உப்பே இல்லாத, இலைச்சாறு ஊறிப் புளித்த காட்டோடைகளில் வாழும் அம்மீனை இனப்பெருக்கம் செய்ய முயன்றவர்கள், மென்னீரும் 6ஐ ஒட்டிய பி.எச். மதிப்பும் இல்லாமல் முட்டை பொரிக்காது என்று கண்டனர். அதன்பின் வந்த கையேடுகளில் பி.எச். என்பது ஒவ்வொரு மீனின் பெயருக்கு அருகிலும் ஓர் இலக்கு எண்ணாக அச்சாகத் தொடங்கியது. இக்கையேடுகள் எழுந்த நிலத்தின் நீர் வேறு, ஓசூர் மேட்டின் நீர் வேறு. எண்கள் மட்டும் கடல்கடந்து வந்தன, அவற்றின் பின்னணியான நீர் வரவில்லை. இப்பகுதித் தொட்டிகளில் நிகழ்ந்த பெரும்பாலான இழப்புகளுக்கு இந்தப் பொருத்தமின்மையே வேர் என்று கருத இடமுண்டு.

கெலமங்கலத்தின் நீர் மாறியது 20ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில்தான். 1960களின் நடுப்பகுதியில் வந்த வறட்சியைத் தொடர்ந்து, 1967 முதல் யுனிசெஃப் நிறுவனம் தீபகற்ப இந்தியாவின் கெட்டிப் பாறைப் பகுதிகளுக்குக் காற்றழுத்தச் சுத்தியல் பொருத்திய துளையிடும் வண்டிகளைக் கொண்டுவந்தது. 1971இல் தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியம் அமைந்தது. பின்னர்த் திருச்செங்கோட்டின் ரிக் வண்டிகள் ஊர் ஊராகச் சென்று இத்தொழிலைத் தனியார் தொழிலாக்கின. 1970களில் ஓசூரில் சிப்காட் தொழிற்பேட்டை எழுந்து, தொழிலாளர் குடியிருப்புகள் பெருகி, அண்மை ஆண்டுகளில் கெலமங்கலத்தை அடுத்தே பெரிய மின்னணு ஆலையும் வந்துவிட்ட நிலையில், வாடகை வீடுகளின் குழாயில் வருவது பெரும்பாலும் ஆழ்துளைக் கிணற்றின் போர் தண்ணீர். இது ஏரிநீரைவிடவும் திறந்த கிணற்று நீரைவிடவும் ஆழத்திலிருந்து, பாறையோடு நெடுநாள் கிடந்து வரும் நீர். வீட்டில் கண்ணாடித் தொட்டி வைக்கும் ஆசை, வருவாயும் மின்சாரமும் காற்றுக்குமிழி மோட்டாரும் எட்டும் விலைக்கு வந்த இதே காலத்தில் பரவியதால், இப்பகுதியின் வண்ணமீன் வளர்ப்பு தொடக்கத்திலிருந்தே கடினநீரில் நிகழ்ந்த ஒன்று.

இந்நீர் நடந்துகொள்ளும் விதத்தை ஒரு குப்பியில் காணலாம். மோட்டார் போட்டவுடன் குழாயில் பிடித்த நீரில் புரோமோதைமால் நீலம் இரு துளிகள் விட்டால், பல இடங்களில் அது பச்சையாகவே நிற்கும். அதாவது ஏறத்தாழ நடுநிலை. அதே நீரை வாளியில் பிடித்து இரவு முழுவதும் காற்றுக்குமிழி விட்டு, காலையில் மீண்டும் சோதித்தால் குப்பி ஐயத்துக்கிடமின்றி நீலமாகிவிடும். இரவில் யாரும் அதில் எதையும் சேர்க்கவில்லை. நிலத்தடியில் மிகுதியாகக் கரைந்திருந்த கரியமில வாயு காற்றில் கலந்து போய்விட, அது தந்த புளிப்பும் போய், பைகார்பனேட்டின் காரம் மட்டும் எஞ்சுவதே காரணம். குழாயடியில் எடுத்த அளவை நம்பி மீனை இறக்குபவர், அடுத்த நாள் வேறொரு நீரில் மீன் நீந்துவதைக் காண்பார். இந்தப் பைகார்பனேட் அளவையே நீர் ஆய்வறிக்கைகள் மொத்தக் காரத்தன்மை என்று குறிக்கின்றன; மீன்வளர்ப்போர் கார்பனேட் கடினத்தன்மை என்று சொல்லி, ஜெர்மானிய டிகிரியில் அளப்பதும் ஏறக்குறைய இதையே. ஒரு டிகிரி என்பது லிட்டருக்கு 17.8 மில்லிகிராம் கால்சியம் கார்பனேட்டுக்குச் சமம். பி.எச். என்பது நீர் இப்போது எந்த நிலையில் இருக்கிறது என்பதைச் சொல்கிறது. காரத்தன்மையோ, அந்த நிலையிலிருந்து அதை அசைக்க எவ்வளவு அமிலம் வேண்டும் என்பதைச் சொல்கிறது. இரண்டாவதை அறியாமல் முதலாவதை மாற்ற முயல்வது வீண்வேலை.

அவ்வீண்வேலை பரவலாக நடந்தது, இன்றும் நடக்கிறது. நியான் டெட்ராவுக்கோ டிஸ்கஸுக்கோ 6.5 வேண்டும் என்று படித்தவர், 8.2 காட்டும் தொட்டியில் எலுமிச்சைச் சாற்றையோ வினிகரையோ கடையில் விற்கும் பாஸ்பாரிக் அமிலக் கரைசலையோ ஊற்றுகிறார். அமிலம் பைகார்பனேட்டின் ஒரு பகுதியைத் தாக்கிக் கரியமில வாயுவாக்குகிறது. அந்த வாயு நீரில் இருக்கும்வரை எண் கீழே இறங்கி நிற்கிறது. சில மணி நேரத்தில் வாயு வெளியேற, எஞ்சிய பைகார்பனேட் எண்ணை மீண்டும் மேலே தூக்குகிறது. மறுநாளும் அமிலம், மறுநாளும் ஏற்றம் என்று நாள்தோறும் மேலும் கீழும் ஆட்டுவிக்கப்படும் மீன், நிலையான 8.2இல் பட்டிருக்கக்கூடியதைவிடப் பெருந்துன்பம் படுகிறது. இப்படியே பல நாள் தொடர்ந்தால் பைகார்பனேட் முழுதும் தீர்ந்து, அடுத்த சில துளிகளிலேயே எண் திடீரென்று சரிந்து, தொட்டி ஓர் இரவில் அழிந்துபோவதும் உண்டு.

இதே வேதியியலை ஒழுங்காகக் கையாளும் தொழில் ஒன்று இதே மேட்டுநிலத்தில் நடந்துவருகிறது என்பது கவனத்துக்குரியது. ஓசூர், பாகலூர், கெலமங்கலம் பகுதிகளின் பசுமைக்குடில்களில் கொய்ரோசா பயிரிடுவோர், சொட்டுநீரின் பி.எச். மதிப்பை 5.5 முதல் 6.5 வரை வைத்திருக்க நைட்ரிக் அல்லது பாஸ்பாரிக் அமிலம் கலக்கின்றனர். ஏனெனில் கார நீரில் இரும்பும் பிற நுண்ணூட்டங்களும் செடிக்குக் கிடைக்காமல் இலை வெளிறும். அவர்கள் முதலில் கேட்பது நீரிலுள்ள பைகார்பனேட் எவ்வளவு என்பதை. அதை அறிந்து, அதில் பெரும்பகுதியை அழிக்கத் தேவையான அமிலத்தைக் கணக்கிட்டு, நீர் செடிக்குப் போகும் முன்பே, செடியிலிருந்து விலகிய தொட்டியில் அதைக் கலந்துமுடிக்கின்றனர். ரோசாத் தோட்டத்தில் எளிதாக நிலைபெற்ற இந்த ஒழுங்கு, சில கிலோமீட்டர் தொலைவிலுள்ள மீன்தொட்டிகளை எட்டவில்லை. வண்ணமீன் கடைகளில் அந்த அறிவு விற்பனைக்கு வராததே இதற்குக் காரணமாக இருக்கலாம்.

கடைகளுக்கு மீன் வரும் ஊர்களிலோ செழுமையான கைப்பழக்கம் உண்டு. கெலமங்கலத்துக்கு அண்மையில் பெங்களூரு இருப்பினும், தமிழ்நாட்டு வண்ணமீன் தொழிலின் நடுவிடம் சென்னையின் வடமேற்கிலுள்ள கொளத்தூர்தான். பல பத்தாண்டுகளாக அங்கு குடும்பம் குடும்பமாக, குறிப்பாகப் பெண்கள், சிமென்ட் தொட்டிகளிலும் கண்ணாடிப் புட்டிகளிலும் ஃபைட்டர், கப்பி, மோலி, ஏஞ்சல், தங்கமீன் ஆகியவற்றை இனப்பெருக்கம் செய்துவருகின்றனர். ஃபைட்டர் மீன் ஒவ்வொன்றும் தனித்தனிப் புட்டியில் நிற்க, உள்ளே காய்ந்த வாதுமை இலைத் துண்டு ஊறித் தேநீர் நிறம் இறங்கியிருக்கும். சாலையோரங்களில் நிழலுக்காக வளரும் நாட்டு வாதுமையின் அந்த இலை, டானின்களையும் ஹியூமிக் அமிலங்களையும் விடுத்து, நீரை மெல்லப் புளிக்கச் செய்வதோடு பூஞ்சையையும் ஓரளவு தடுக்கிறது. நெல்லிக்கட்டையின் அதே வேதியியல்தான் இது. ஆனால் சிறு புட்டியிலும் மென்னீரிலும் அதற்குப் பலன் உண்டு. பெரிய தொட்டியில் கடினநீர் நிரப்பி இரண்டு இலைகளை மிதக்கவிடும் கெலமங்கலத்து வளர்ப்பாளருக்கு நிறம் மட்டுமே மாறும், எண் மாறாது.

புதிய சிமென்ட் தொட்டியைப் பழக்கும் முறை இதைவிடவும் கூர்ந்து நோக்கத்தக்கது. புதிதாகப் பூசிய சிமென்டிலிருந்து கரையும் சுண்ணாம்பு நீரின் பி.எச். மதிப்பை 11க்கும் மேலே கொண்டுபோய்விடும். அந்நீரில் மீன் சில நிமிடங்களும் தாங்காது. எனவே தொட்டியில் நீர் நிரப்பி, வாழைத்தண்டைத் துண்டுதுண்டாக வெட்டிப் போட்டோ, சாணத்தைக் கரைத்து ஊற்றியோ சில நாள் ஊறவிட்டு, அழுகிய நீரை வடித்து, தேய்த்துக் கழுவி, மீண்டும் நிரப்பி வடிப்பர். அழுகும் வாழைத்தண்டிலிருந்து எழும் கரிம அமிலங்களும் கரியமில வாயுவும் சுண்ணாம்பை நடுநிலையாக்கி, சுவரின் மேற்பரப்பில் கரையாத கார்பனேட் படலத்தை உண்டாக்குகின்றன. மானியோ சாயமோ இல்லாமல் இம்முறையை வகுத்தவர்கள், தொட்டிச் சுவரைக் கையால் தடவி வழுவழுப்பு நீங்கியதை உணர்ந்தும், முதலில் ஓரிரு கப்பிகளை விட்டுப் பார்த்துமே முடிவெடுத்தனர்.

கப்பி மீன் அவ்வாறு சோதனைக்கு உதவியதற்கும் காரணம் உண்டு. தென் அமெரிக்காவைச் சேர்ந்த அம்மீன் 1910ஐ ஒட்டியும், கம்பூசியா என்னும் மற்றொரு சிறுமீன் 1928இலும், கொசுப் புழுக்களைத் தின்பதற்காக இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டன. கிருஷ்ணகிரிக்கு வடக்கே, கோலார் மாவட்டத்தின் காமசமுத்திரம் பகுதிக் கிணறுகளில் 1990களில் மலேரியா ஆய்வாளர்கள் கப்பிகளை விட்டு நோயைக் கட்டுப்படுத்திய முயற்சி அறிவியல் இதழ்களில் இடம்பெற்றது. அக்கிணறுகளின் நீரும் இதே வகைப் பாறையின் நீர்தான். குட்டி போடும் இம்மீன் குடும்பம், அதாவது கப்பி, மோலி, பிளாட்டி, சுவர்ட்டெயில் ஆகியவை, இயல்பாகவே கடினமான கார நீரை விரும்புபவை. ஆப்பிரிக்காவின் மலாவி ஏரி மீன்களும் அவ்வாறே. கெலமங்கலத்துப் போர் தண்ணீரில் எதையும் கலக்காமல் நலமாக வாழும் மீன்களின் பட்டியல் இவ்வளவு நீளமாக இருக்கும்போது, மென்னீர் மீன்களின் இலக்கு எண்ணைத் துரத்துவது தேவையற்றது என்பதை அழுத்திச் சொல்லவேண்டியிருக்கிறது.

கார நீரில் உண்மையான ஆபத்து வேறிடத்தில் இருக்கிறது. மீன் கழிவிலிருந்தும் மிஞ்சிய தீனியிலிருந்தும் எழும் அம்மோனியா நீரில் இரண்டு வடிவங்களில் இருக்கும்: அயனியானது பெரும்பாலும் தீங்கற்றது, அயனியாகாதது செவுளைச் சுட்டுக் கொல்வது. 25 டிகிரி வெப்பத்தில், பி.எச். 7இல் மொத்த அம்மோனியாவில் ஏறத்தாழ 0.5 சதவீதமே நச்சு வடிவில் இருக்க, 8இல் அது 5 சதவீதமாகவும், 9இல் 36 சதவீதமாகவும் உயர்கிறது. ஒரே அளவு தீனியை மிகையாகப் போட்டுவிட்டாலும், மென்னீர்த் தொட்டியில் தப்பிவிடும் மீன் இந்நீரில் தப்பாது. அந்த அம்மோனியாவை நைட்ரேட்டாக்கும் நுண்ணுயிர்கள் ஒவ்வொரு மில்லிகிராம் அம்மோனியா நைட்ரஜனுக்கும் ஏறத்தாழ 7 மில்லிகிராம் காரத்தன்மையைச் செலவழிக்கின்றன. வாரிங்டனின் மகன் ஆராய்ந்த மாற்றத்தின் விலை இதுவே. போர் தண்ணீரில் அச்செலவைத் தாங்கப் போதிய கையிருப்பு உண்டு. கேன் தண்ணீரோ வீட்டு ஆர்.ஓ. கருவியின் நீரோ நிரப்பிய தொட்டியில் அக்கையிருப்பு இல்லை. முதல் வாரம் அழகாக 6.8 காட்டும் அத்தொட்டி, நீர் மாற்றாமல் விட்டால் ஓரிரு மாதங்களில் 5க்கும் கீழே சரிந்து, நுண்ணுயிர்களே செயலிழந்துவிடும் நிலைக்கு வருகிறது.

இந்த நீர்வரலாற்றின் மிக அண்மைய திருப்பம் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் மற்றும் புளோரைடு பாதிப்பு தணிப்புத் திட்டம். கால்சியம் குறைந்து சோடியமும் பைகார்பனேட்டும் மிகுந்த கார நீரில், பாறையின் புளோரைடு வீழ்படிவாகாமல் கரைந்தே நிற்கும் என்பதால், தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் பல ஊர்களில் அது குடிநீருக்கு வகுத்த லிட்டருக்கு 1.5 மில்லிகிராம் எல்லையைக் கடந்து, பற்களையும் எலும்புகளையும் பாதித்துவந்தது. 2008இல், கர்நாடகத்தின் எதிர்ப்புக்கு இடையே அடிக்கல் நாட்டப்பட்டு, ஜப்பானியப் பன்னாட்டுக் கூட்டுறவு முகமையின் கடனுதவியோடு ஏறத்தாழ 1,928 கோடி ரூபாய் செலவில் கட்டப்பட்ட இத்திட்டம் 2013 மே மாதத்தில் தொடங்கிவைக்கப்பட்டது. மீனுக்காக யாரும் இதைச் செய்யவில்லை. குழந்தைகளின் எலும்புக்காகச் செய்தனர். ஆயினும் வீட்டுத் தொட்டிக்குள் இதன் விளைவு தெளிவாகத் தெரியும். ஒகேனக்கல் தண்ணீர், காவிரியின் மேற்பரப்பு நீர் என்பதால், பொதுவாகப் போர் தண்ணீரைவிடக் குறைந்த உப்புடையது. ஆனால் குளோரின் கலந்தது. ஒரு நாள் திறந்துவைத்தோ, வண்ணமீன் கடைகளில் ஆன்டி குளோரின் என்று விற்கும் தயோசல்பேட்டை இட்டோ அக்குளோரினை நீக்கவேண்டும். குழாயில் ஒரு வாரம் ஒகேனக்கல் தண்ணீரும் மறுவாரம் போர் தண்ணீரும் மாறி மாறி வரும் வீட்டில், நீர் மாற்றும் நாளே மீனுக்குச் சோதனை நாளாகிறது: பி.எச். எண் இரண்டிலும் ஏறக்குறைய ஒன்றாக இருந்தாலும், கரைந்த உப்பின் அளவு பாதியாகவோ இரட்டிப்பாகவோ மாறுவதால் மீனின் உடல்நீர்ச் சமநிலை குலைகிறது. தொட்டியில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் ஒரே முறையில் மாற்றாதிருப்பதும், புதிய நீரைச் சிறுகச் சிறுக ஊற்றுவதும் இங்கு எந்த மருந்தையும்விடப் பயனுள்ளவை.

தொட்டியின் அடியில் பரப்பும் கல்லும் இந்தக் கணக்கில் சேரும். உள்ளூர்க் கருங்கல் சல்லியும் ஆற்றுமணலும் நீரில் கரையாதவை. அலங்காரத்துக்காக விற்கும் வெள்ளைப் பளிங்குத் துண்டுகளும் கிளிஞ்சலும் பவளத் துண்டுகளும் மெல்லக் கரைந்து காரத்தை மேலும் கூட்டுபவை. கல்லின் மேல் சில துளி வினிகர் விட்டால், சுண்ணாம்பு உள்ளது நுரைத்துப் பொங்கும், கருங்கல் அசையாமல் கிடக்கும்.

இப்பகுதியில் இயற்கையான மென்னீர் என்பது பெரும்பாலும் வானத்திலிருந்தே வருகிறது. 2003இல் தமிழ்நாடு அரசு எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர்ச் சேகரிப்பைக் கட்டாயமாக்கியபோது நிலத்தடி நீரை மீட்பதே அதன் நோக்கமாக இருந்தது. அதற்கெனக் கூரையிலிருந்து இறக்கிய குழாய்கள், மென்னீர் மீன் வளர்க்க விரும்புவோருக்கும் வழி திறந்தன. மழைநீரில் பைகார்பனேட் கிட்டத்தட்ட இல்லை. கரியமில வாயு கரைந்திருப்பதால் அதன் பி.எச். 5.6ஐ ஒட்டி இருக்கும். முதல் மழையில் கூரையின் தூசி கழுவிப் போனபின் பிடித்த நீரை, போர் தண்ணீரோடு அளந்து கலப்பதே அமிலம் ஊற்றாமல் காரத்தைக் குறைக்கும் நேர்வழி. லிட்டருக்கு 300 மில்லிகிராம் காரத்தன்மையுள்ள போர் தண்ணீர் ஒரு பங்குக்கு மழைநீர் ஒரு பங்கு சேர்ந்தால் 150 ஆகும். மூன்று பங்கு சேர்ந்தால் 75, அதாவது ஏறத்தாழ நான்கு டிகிரி. அந்த நான்கு டிகிரி, நைட்ரேட்டாக்கும் நுண்ணுயிர்களின் செலவைத் தாங்கவும் போதும், வாதுமை இலையும் ஊறவைத்த மரக்கட்டையும் தம் மெல்லிய புளிப்பை இறக்குவதற்கும் இடம் தரும். வடகிழக்குப் பருவமழை முடியும் முன் ஒன்றிரண்டு டிரம்களில் இந்நீரை மூடிச் சேமித்துவைத்தால், ஒரு நடுத்தரத் தொட்டிக்குக் கோடைத் தொடக்கம்வரை ஒரே விகிதத்தில் கலந்து ஊற்ற முடியும்.